இ.எம்.டி. வகுப்பு நடத்துவோர் கேட்கிறார்கள்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ்களில் இ.எம்.டி. (ஆம்புலன்ஸில் வேலை செய்யும் அவசர மருத்துவ ஊழியர்) வகுப்பு எடுக்கும் வாசகர்கள் சிலர் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். பெரும்பாலோர் ஆம்புலன்ஸில் பல வருடம் ஓடிவிட்டு, இப்போதுதான் கரும்பலகைக்கு முன்னால் நிற்பவர்கள். வேலை தெரிந்தவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கேள்விகளிலேயே அது தெரிகிறது.

கேள்வி: என் மாணவர்கள் நோயாளி பரிசோதனைப் படிகளை மந்திரம் போல ஒப்பிக்கிறார்கள். "கையுறை போட்டாச்சு, இடம் பாதுகாப்பா இருக்கா" என்பதிலிருந்து கடைசி வரை ஒரு வரி தப்பாது. ஆனால் நிஜ ஆளைப் படுக்க வைத்தால் கை கட்டிப்போட்டது போல நிற்கிறார்கள். எங்கே கோளாறு? (வாசகர், ஒஹாயோ)

பதில்: பெரும்பாலும் கோளாறு நம்மிடம்தான். மாணவர் "நாடி பார்க்கிறேன்" என்று வாயால் சொன்னதுமே "நாடி 110, மெலிதாக இருக்கிறது" என்று நாம் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். சொன்னாலே விடை கிடைக்கும் என்றால் யார் தொட்டுப் பார்ப்பார்கள்? நான்கு வாரம் இப்படிப் பழகியவர், நிஜ நோயாளி முன்னால் நின்று யாராவது எண்ணைச் சொல்வார்களா என்று காத்திருப்பார்.

இதற்கு ஒரே ஒரு விதி போதும்: விரல் சரியான இடத்தில் படாமல் எண் கிடையாது. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்த பிறகே பயிற்றுநர் வாய் திறக்க வேண்டும். கையுறை என்றால் உண்மையிலேயே கையுறை. ஆக்சிஜன் என்றால் சிலிண்டரைத் திறந்து, மாஸ்க்கை எடுத்து, முகத்தில் வைத்தாக வேண்டும். "நான் இப்போது ஆக்சிஜன் கொடுத்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்ற வாக்கியத்தை முதல் நாளே தடை செய்துவிடுங்கள்.

அடுத்தபடியாக, கண்டுபிடிக்க வேண்டியதை உடம்பிலேயே ஒளித்து வையுங்கள். படுத்திருப்பவரின் முதுகுக்குக் கீழே சட்டைக்குள் ஈரமான சிவப்புத் துணி. புரட்டிப் பார்த்தவருக்குத்தான் அது கிடைக்கும். தொடையில் ஒட்டிய சிறு அட்டையில் "தொட்டால் வலிக்கிறது" என்று எழுதி, பேன்ட்டை வெட்டித் திறந்தால் மட்டும் தெரியும்படி வையுங்கள். இதற்கென்று பழைய துணிகளைச் சேர்த்து வைப்பது நல்லது. தையல் ஓரமாகச் சேஃப்டி பின் போட்டால் ஒரே பேன்ட் பல முறை வரும். கழுத்தில் மருத்துவ அடையாளச் சங்கிலி, சட்டைப் பையில் மாத்திரைப் புட்டி. தேடாதவர் இழக்கிறார், அவ்வளவுதான். நீங்கள் திட்ட வேண்டிய அவசியமே வராது.

உங்கள் முகத்தையும் கவனியுங்கள். மாணவர் தப்பான திசையில் போனால் நம் புருவம் உயரும், சரியாகப் போனால் தலை தானாக ஆடும். மாணவர்கள் நோயாளியை விட்டுவிட்டு அந்தத் தலையைத்தான் படிக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளுங்கள். நினைவு, மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம் ஆகிய முதல்கட்டப் பரிசோதனை ஒன்றரை நிமிடத்துக்குள் முடியவேண்டும். அதுவரை ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். அந்த மௌனம் மாணவரைவிடப் பயிற்றுநருக்குத்தான் கஷ்டம்.

ஒரு பயிற்றுநருக்கு ஆறு மாணவர்களுக்கு மேல் போனால் இது நடக்காது என்பதையும் சொல்லிவிடுகிறோம். மீதிப் பேர் போனை நோண்டிக்கொண்டு நிற்பார்கள். ஆள் பற்றாக்குறை என்றால் நிற்பவர்களில் ஒருவருக்கு நேரம் குறிக்கும் வேலை, ஒருவருக்குச் சரிபார்ப்புத் தாள், ஒருவருக்கு நோயாளியின் பதற்றமான உறவினர் வேடம் கொடுங்கள். உறவினர் வேடத்துக்கு எப்போதும் போட்டி இருக்கும்.

கேள்வி: ஒரே ஆளுக்கு எட்டு மாணவர்கள் பி.பி. பார்த்தால் எட்டு எண் வருகிறது. 20, 25 வரை வித்தியாசம். காதைக் குறை சொல்வதா, கருவியையா? (வாசகர், டெக்சாஸ்)

பதில்: முதலில் காதுக்குழாயைப் பாருங்கள். ஸ்டெதாஸ்கோப்பின் காதுமுனைகள் முன்பக்கமாக, மூக்கை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் பாதிச் சத்தம் போய்விடும். தோலில் வைக்கும் தலை இரண்டு பக்கமும் உள்ளது என்றால், எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று விரலால் மெதுவாகத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். "எனக்கு எதுவுமே கேட்கலை" என்பவர்களில் பலருக்குத் தலை திரும்பியிருக்கும்.

அடுத்தது கஃப், அதாவது கையில் சுற்றிக் காற்றடிக்கும் பட்டை. அதற்குள் இருக்கும் காற்றுப்பையின் அகலம் கைச்சுற்றளவில் 40 சதவீதமும், நீளம் 80 சதவீதமும் இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சின்ன கஃப் கட்டினால் அழுத்தம் நிஜத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். மெலிந்த கைக்குப் பெரிய கஃப் குறைத்துக் காட்டும். பெட்டியில் ஒரே அளவு கஃப்தான் இருக்கிறது என்றால் எட்டு எண் வருவதில் ஆச்சரியமில்லை. கை தொங்கிக்கொண்டிருந்தாலும் எண் ஏறும்: இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே என்றால் அழுத்தம் கிட்டத்தட்ட 8 மி.மீ. (பாதரச அளவு) கூடும். சட்டைக் கைக்கு மேலேயே கஃப்பைக் கட்டுவது இன்னொரு வழக்கம்.

மிகப் பெரிய குற்றவாளி வால்வு. காற்றை நொடிக்கு 2 முதல் 3 மி.மீ. வேகத்தில் இறக்க வேண்டும். மாணவர் பதற்றத்தில் நொடிக்கு 10 இறக்குகிறார். நோயாளியின் நாடி 60 என்றால் நொடிக்கு ஒரு துடிப்பு. அப்படியானால் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலேயே முள் 10 இறங்கிவிடும். முதல் சத்தம் 128-இல் வந்திருக்க வேண்டும், ஆனால் அந்த நேரத்தில் துடிப்பே இல்லை. அடுத்த துடிப்பில் முள் 118-இல் நிற்கிறது. மாணவர் கேட்டது சரி, எழுதியது தப்பு. இந்தக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டினால் பிறகு யாரும் வால்வை முழுதாகத் திறக்க மாட்டார்கள்.

எவ்வளவு ஏற்றுவது என்பதற்கு, முதலில் மணிக்கட்டு நாடியில் விரல் வைத்து ஏற்றச் சொல்லுங்கள். நாடி மறையும் இடத்துக்கு மேலே இன்னும் 20, 30 போதும். எல்லோருக்கும் 200 வரை ஏற்றினால் வலிக்கிறது, நோயாளி கையை இழுக்கிறார், சத்தம் கெடுகிறது. இந்த நாடி முறையில் இன்னொரு லாபம்: சாலையில் சைரன் சத்தத்தில் எதுவும் கேட்காவிட்டாலும், காற்று இறங்கும்போது நாடி திரும்பும் எண்ணை மட்டுமாவது சொல்லத் தெரிந்திருக்கும்.

இனி கசப்பான விஷயம். உங்கள் எட்டு எண்களில் சில வெறும் கற்பனையாக இருக்கலாம். முள் வைத்த மீட்டரில் கோடுகள் 2 மி.மீ. இடைவெளியில்தான் இருக்கும், அதில் 117/73 என்று ஒருவர் சொன்னால் எங்கே பார்த்தார் என்று கேளுங்கள். மூச்சு எண்ணிக்கையும் அப்படித்தான்: வகுப்பில் எல்லாருக்கும் 16 வரும். எண்ணவே இல்லை என்று அர்த்தம். நாடி பார்த்த கையை எடுக்காமல், மூச்சை எண்ணப்போகிறேன் என்று சொல்லாமல், நெஞ்சு ஏறி இறங்குவதை முழுதாக 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்கப் பழக்குங்கள். சொல்லிவிட்டு எண்ணினால் நோயாளியின் மூச்சு மாறிவிடும்.

பொய் எண்ணுக்கு மருந்து, "கேட்கவில்லை" என்ற பதிலுக்கு மதிப்பெண் குறைக்காமல் இருப்பதுதான். கேட்கவில்லை என்று சொல்பவருக்கு இன்னொரு வாய்ப்பு, கற்பனை எண்ணுக்குப் பூஜ்யம். சரிபார்க்க இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்கும் இரட்டைக் காதுக்குழாய் ஸ்டெதாஸ்கோப் ஒன்று வாங்குங்கள். மாணவர் கேட்டதையே நீங்களும் கேட்டால் வாக்குவாதம் முடிந்தது.

கேள்வி: ஆம்பு பேக் (மாஸ்க் வழியாக மூச்சுக் கொடுக்கக் கையால் அமுக்கும் பை) பிடிப்பதில் பாதிப் பேருக்குப் பொம்மையின் நெஞ்சு எழும்புவதே இல்லை. மீதிப் பாதி வெறித்தனமாக அமுக்குகிறார்கள். (வாசகர், நியூ ஜெர்சி)

பதில்: இரண்டும் தனித்தனி நோய்.

நெஞ்சு எழும்பாததற்குக் காரணம் பெரும்பாலும் மாஸ்க்கை முகத்தின்மேல் அழுத்துவது. அழுத்தினால் தாடை பின்னால் போகும், நாக்கு தொண்டையை அடைக்கும். செய்ய வேண்டியது நேரெதிர்: தாடையை மேலே இழுத்து மாஸ்க்குக்குள் கொண்டுவர வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கைச் சுற்றி, மற்ற மூன்று விரல்கள் தாடை எலும்பின்மேல். எலும்பின்மேல் என்பதை அடிக்கோடிடுங்கள். தாடைக்கு அடியில் உள்ள மெத்தென்ற சதையில் விரல் போனால் நாக்கைக் கீழிருந்து மேலே தள்ளுகிறீர்கள். பொம்மையில் இந்த வித்தியாசம் சரியாகத் தெரியாது. எனவே மாணவர்கள் ஒருவர் தாடை எலும்பை ஒருவர் தொட்டுப் பிடித்துப் பார்க்கட்டும், பேக் இல்லாமல்.

சின்னக் கை உள்ளவர்கள் ஒற்றைக் கையால் திணறுவார்கள். அது அவர்கள் குறையில்லை. ஒற்றை ஆள் முறையே சிரமமானது. நாங்கள் சொல்வது, இரண்டு ஆள் முறையை முதலில் கற்றுக்கொடுங்கள்: ஒருவர் இரண்டு கையாலும் மாஸ்க்கையும் தாடையையும் பிடிக்க, மற்றவர் பேக்கை அமுக்குவார். களத்தில் ஆள் இருந்தால் இதுதான் சிறந்த முறையும்கூட. ஒற்றை ஆள் முறை பிறகு வரட்டும். நாக்கு அடைக்காமல் தடுக்கும் வாய்வழிக் குழாய் பொருத்தவும் மறக்க வேண்டாம்: வாயின் ஓரத்திலிருந்து காதுமடல் நுனி வரை அளந்து, குமட்டல் அனிச்சை இல்லாதவருக்கு மட்டும்.

வெறித்தனமாக அமுக்குவது ஆபத்தான நோய். பெரியவர்களுக்கான பேக்கின் கொள்ளளவு சுமார் 1,500 மி.லி.; தேவையோ 500 முதல் 600. மூன்றில் ஒரு பங்கு அமுக்கினால் போதும், ஒரு நொடியில், நெஞ்சு லேசாக எழும்பும் அளவுக்கு. நாடி இருந்து மூச்சில்லாத பெரியவருக்கு 6 நொடிக்கு ஒரு முறை. அதாவது நிமிடத்துக்கு 10. பதற்றத்தில் இது 30-க்குப் போய்விடும். மிகுதிக் காற்று வயிற்றுக்குள் போய் வாந்தியாக வரும். நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் குறையும். நிமிடத்துக்கு 10 தட்டும்படி மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) ஒன்றை வகுப்பில் ஓட விடுங்கள். முதலில் எல்லோருக்கும் அது எரிச்சலூட்டும் அளவுக்கு மெதுவாகத் தோன்றும். அந்த எரிச்சல்தான் பாடம்.

கேள்வி: ஆக்சிஜன் சிலிண்டர் எத்தனை நிமிடம் வரும் என்ற கணக்கு எளிதாக எப்படிச் சொல்லிக்கொடுப்பது? (வாசகர், கலிபோர்னியா)

பதில்: மீட்டரில் உள்ள அழுத்தத்திலிருந்து 200 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) கழியுங்கள், அது தொடக்கூடாத கையிருப்பு. மீதியைச் சிலிண்டரின் மாறிலியால் பெருக்கி, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் விடுகிறோமோ அதால் வகுக்க வேண்டும். டி, ஈ என்பவை சிலிண்டர் அளவுகள்: டி சிலிண்டருக்கு மாறிலி 0.16, ஈ சிலிண்டருக்கு 0.28. டி சிலிண்டரில் 1,400 இருக்கிறது, 15 லிட்டர் விடுகிறோம் என்றால்: 1,200 × 0.16 = 192 லிட்டர்; 15-ஆல் வகுத்தால் 12.8 நிமிடம். பதின்மூன்று நிமிடம்கூட இல்லை. மூன்றாம் மாடியிலிருந்து ஒருவரை இறக்கவே அவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லிப் பாருங்கள், கணக்கு உடனே மனதில் நிற்கும்.

ரெகுலேட்டரிலிருந்து உஸ்ஸென்று சத்தம் வந்தால் அழுத்தி முறுக்காதீர்கள். வாஷர் விழுந்திருக்கும், அல்லது பழையதன்மேல் இன்னொன்று போட்டிருப்பார்கள். பை வைத்த மாஸ்க் என்றால் பையை நிரப்பிய பிறகே முகத்தில் வைக்க வேண்டும். இதைப் பாடமாகச் சொன்னால் மறப்பார்கள். காலிப்பை மாஸ்க்கை ஒரே ஒரு மூச்சுக்குத் தங்கள் முகத்திலேயே வைத்துப் பார்த்தவர்கள் மறப்பதில்லை.

கேள்வி: ரத்தப்போக்கு வகுப்புக்கு டூர்னிக்கெட் (ரத்தத்தை நிறுத்தக் கை காலில் இறுக்கும் பட்டை) வாங்கியிருக்கிறோம். எல்லோரும் கட்டுகிறார்கள், ஆனால் நிஜமாக ரத்தம் நிற்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகர், வர்ஜீனியா)

பதில்: நாடியைத் தொட்டுத்தான். காயத்துக்கு 5 முதல் 8 செ.மீ. மேலே, மூட்டின்மேல் அல்லாமல் கட்டிய பிறகு, காயத்துக்குக் கீழே நாடி மறைய வேண்டும். மறையவில்லை என்றால் அது வெறும் அலங்காரம். சரியாகச் சொன்னால் அலங்காரத்தைவிட மோசம்: அரைகுறையாக இறுக்கினால் ரத்தம் திரும்பும் வழி மட்டும் அடைபட்டு, வெளியேறுவது கூடிவிடும்.

தப்பு நடப்பது, பட்டையை இறுக்கும் திருக்குகோலைத் தொடுவதற்கு முன்னாலேயே. பட்டையில் தளர்வு துளியும் இல்லாமல் இழுத்த பிறகுதான் கோலைத் திருக்க வேண்டும். தளர்வோடு திருக்கத் தொடங்கினால் திருக்குவதெல்லாம் தளர்வைச் சாப்பிடுவதிலேயே போய்விடும். பட்டை முறுக்கிக்கொள்ளும், ரத்தம் ஓடிக்கொண்டேயிருக்கும். இரண்டாவது, நோயாளி வலியில் கத்துவதைக் கேட்டு மாணவர் பாதியில் நிறுத்துவது. வலிக்கும், அதற்காக நிறுத்தக்கூடாது என்பதை நோயாளிக்கும் சொல்லப் பழக்குங்கள். தானாக முன்வரும் மாணவர்மேல் கட்டிப் பார்க்கலாம். நாடி மறைந்ததை உறுதி செய்தவுடன் அவிழ்த்துவிட வேண்டும். களத்தில் கட்டினால் நேரத்தை எழுதி வைக்க வேண்டும். தளர்த்திப் பார்க்கும் வேலை இ.எம்.டி.யுடையதல்ல.

வகுப்பில் பல முறை இழுத்த பட்டை தேய்ந்திருக்கும், கோலும் பலவீனமாகியிருக்கும். பயிற்சி டூர்னிக்கெட்டுகளுக்கு வேறு நிறம் வைத்து, அவை ஒருபோதும் ஆம்புலன்ஸ் பைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காயத்துக்குள் துணி திணிக்கப் பழக்க, தடித்த ஃபோம் துண்டு போதும். 5 செ.மீ. ஆழத்துக்குத் துளை போட்டு, பின்பக்கமாக மெல்லிய குழாயைச் செருகி, உயரத்தில் தொங்கும் பையிலிருந்து நிறம் கலந்த தண்ணீரை விடுங்கள். துளையின் அடிவரை விரலால் திணித்து அழுத்தினால்தான் தண்ணீர் நிற்கும். மேலாக அடைத்தவருக்கு ஒரு நிமிடத்தில் மேசை முழுக்கச் சிவப்பு.

கேள்வி: போலி ரத்தம் பூசியதில் பொம்மை நிரந்தரமாகச் சிவந்துவிட்டது. என்ன செய்யலாம்? (வாசகர், இல்லினாய்)

பதில்: இனி ஒன்றும் செய்ய முடியாது. வினைல் தோல் உணவு நிறத்தை உறிஞ்சிக்கொள்ளும். பால்பாயின்ட் மையும், செய்தித்தாள் அச்சு மையும்கூட அப்படியே ஏறிவிடும். அடுத்த பொம்மைக்குக் கண்ணாடித்தாள் சுற்றி அதன்மேல் பூசுங்கள், அல்லது ரத்தத்தைத் துணியில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சோளப்பாகில் சிவப்பு நிறம் சேர்த்துச் சிட்டிகை கோகோ தூள் போட்டால் பார்வைக்கு நன்றாக இருக்கும். சிவந்த பொம்மையைத் தூக்கிப்போடாதீர்கள். தீக்காய நோயாளியாக நன்றாகவே நடிக்கும்.

கேள்வி: பாடப்புத்தகம் ஒன்று சொல்கிறது, எங்கள் மாநில நெறிமுறை வேறு சொல்கிறது, நான் வேலை பார்த்த காலத்தில் செய்தது மூன்றாவது. முதுகுப் பலகை (அடிபட்டவரைக் கிடத்திக் கட்டும் நீண்ட பலகை) விஷயத்தில் மாணவர்கள் என்னை மடக்குகிறார்கள். (வாசகர், மிச்சிகன்)

பதில்: மடக்குகிறார்கள் என்றால் படிக்கிறார்கள் என்று அர்த்தம், சந்தோஷப்படுங்கள். விபத்து என்றாலே எல்லோரையும் நீண்ட பலகையில் கட்டுவது ஒரு காலத்து வழக்கம். பலகையில் கிடத்துவதால் வலி, அழுத்தப் புண், மூச்சு விடச் சிரமம் எல்லாம் வருகின்றன. முதுகெலும்பைக் காப்பாற்றுகிறது என்பதற்கோ வலுவான ஆதாரம் இல்லை. 2018-இல் அமெரிக்க அறுவை மருத்துவர்கள், அவசர மருத்துவர்கள், ஆம்புலன்ஸ் மருத்துவர்கள் ஆகியோரின் சங்கங்கள் கூட்டாக அறிக்கை வெளியிட்டன. மழுங்கல் அடியில் (உடலைத் துளைக்காத அடி) நினைவு மாற்றம் அல்லது போதை, கழுத்து அல்லது முதுகின் நடுக்கோட்டில் வலி, கை கால் மரத்துப்போவது போன்ற நரம்புக் குறைபாடு, முதுகெலும்பின் வடிவம் மாறியிருப்பது, கவனத்தைத் திருப்பும் வேறு பெரிய காயம் ஆகியவை இருந்தால் முதுகெலும்பு அசைவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அது சொல்கிறது. கத்திக்குத்து, குண்டடி போன்ற துளைக்கும் காயங்களுக்கு அது வேண்டியதில்லை. கட்டுப்படுத்துவது என்றால் கழுத்துக் காலர் போட்டு ஸ்ட்ரெட்சரில் நேராகப் படுக்க வைப்பதே பல நேரங்களில் போதும். பலகை இப்போது ஆளை வெளியே எடுக்கும் கருவி.

வகுப்பில் விதியை மட்டும் சொல்லாமல், எப்போதிலிருந்து, ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தேர்வில் எழுதுவது தேசியத் தரப்படி, வேலையில் செய்வது உங்கள் மாநில நெறிமுறைப்படி, இரண்டும் மோதினால் ஆம்புலன்ஸில் நெறிமுறையே வெல்லும். "எங்க காலத்துல" என்று தொடங்கும் வாக்கியங்களுக்குத் தேநீர் இடைவேளை இருக்கிறது.

கேள்வி: தேசியப் பதிவகத் தேர்வில் (இ.எம்.டி. சான்றிதழுக்கான கணினித் தேர்வு) ஒரு மாணவிக்கு 70 கேள்வியிலேயே கணினி நின்றுவிட்டது, இன்னொருவருக்கு 120 வரை போனது. எது நல்லது? (வாசகர், ஜார்ஜியா)

பதில்: எண்ணிக்கையில் ஜாதகம் பார்க்க முடியாது. ஒவ்வொரு பதிலையும் வைத்து அடுத்த கேள்வியின் கடினத்தைக் கணினி மாற்றுகிறது. இவர் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலேயா கீழேயா என்று அதற்குத் தெளிவானதும் நின்றுவிடும். 70-இல் நின்றவர் நன்றாகத் தேறியிருக்கலாம், நன்றாகக் கோட்டைவிட்டும் இருக்கலாம். கோட்டுக்கு அருகில் ஊசலாடுபவருக்குத்தான் நீளும். நன்றாகப் படித்தவருக்கும் கேள்விகள் கடினமாகிக்கொண்டே போகும் என்பதால், எழுதி முடித்த பலரும் தோற்றுவிட்டதாகவே நினைத்துக்கொண்டு வெளியே வருவார்கள். இதை முன்கூட்டியே சொல்லி வைத்தால் நடுவில் பதற மாட்டார்கள்.

உங்கள் வகுப்புத் தேர்வுகளிலும் "இதன் அறிகுறி எது" என்பதைக் குறைத்து, "அடுத்து என்ன செய்வீர்கள்" என்பதைக் கூட்டுங்கள். நான்கு விடையும் சரியான செயல்களாக இருக்க, முதலில் செய்ய வேண்டியது ஒன்றாக இருக்க வேண்டும். குறட்டைபோல மூச்சு விடும் நோயாளிக்கு பி.பி. பார்ப்பதும் சரிதான், ஆனால் முதலில் மூச்சுப்பாதையைத் திறக்க வேண்டும். முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன பயிற்சியை ஒழுங்காகச் செய்தவர்களுக்கு இந்த வகைக் கேள்வி பெரிதாகத் தோன்றாது.

கேள்வி: ஆம்புலன்ஸில் பயிற்சிக்கு அனுப்பினால் மாணவர்கள் மூலையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு வருகிறார்கள். (வாசகர், பென்சில்வேனியா)

பதில்: "போய்க் கற்றுக்கொண்டு வா" என்று அனுப்பினால் அப்படித்தான் ஆகும். 2009-இல் வந்த தேசியக் கல்வித் தரம் இ.எம்.டி. மாணவருக்குக் குறைந்தது 10 நோயாளிப் பரிசோதனை என்று எதிர்பார்த்தது. அந்தப் பத்தையும் பத்துத் தாளாகக் கொடுத்தனுப்புங்கள். ஒவ்வொன்றிலும் மாணவரே எடுத்த நாடி, மூச்சு, பி.பி. இரண்டு முறை, இடையே எத்தனை நிமிடம் என்பதுடன். பக்கத்தில் ஆம்புலன்ஸ் ஊழியர் எடுத்த எண். நோயாளியின் பெயரோ பிறந்த தேதியோ அதில் வரக்கூடாது. ஊழியர்களுக்கும் ஒரு பக்கத் தாள் அனுப்புங்கள்: இந்த வாரம் வரை இவருக்கு என்னென்ன செய்யத் தெரியும், எதைச் செய்ய விடலாம் என்று. அது தெரியாததால்தான் பாதி ஊழியர்கள் மாணவரை ஓரமாக உட்கார வைக்கிறார்கள்.

வண்டியில் ஏறியதும் முதல் அரை மணி நேரம் அலமாரிகளைத் திறந்து, எது எங்கே என்று மாணவர் எழுதிக்கொள்ளட்டும். ஊழியர் "உறிஞ்சு குழாயை எடு" என்றதும் கை நேராக அங்கே போனால், அடுத்த நோயாளிக்கு அவரையே முன்னால் அழைப்பார்கள். நொடிமுள் உள்ள கைக்கடிகாரம் கட்டாயம். போனில் பார்க்கிறேன் என்றால் கையுறையோடு திறக்க வராது.